அம்மாவுக்கு ஓவரி கேன்சர்னா காசு எங்க போகுது, எங்க போகணும்

புதுசா படிக்கறவங்களுக்காக கேள்விய முதல்ல சுருக்கமா போட்டுடறேன். அம்மாவுக்கு 54 வயசு, ஊரு திண்டுக்கல் பக்கம். நாலு மாசமா வயிறு உப்புசம், கேஸ்னு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்திருக்காங்க, இப்ப ஸ்கேன்ல ரெண்டு பக்க ஓவரிலயும் கட்டி, வயித்துல தண்ணி, சிஏ-125ங்கற ரத்த டெஸ்ட்டு 640. ஒரு ஆஸ்பத்திரில இந்த வாரமே ஆபரேஷன், எல்லாம் சேத்து 11 லட்சம்ங்கறாங்க, இன்னொரு எடத்துல முதல்ல மூணு கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன், காப்பீட்டு அட்டையே போதும்ங்கறாங்க. பெரியம்மாவுக்கு முன்னாடியே மார்புல கேன்சர் வந்திருக்கு. தங்கச்சிக்கு 26 வயசு. "ஓவரி கேன்சர் மருந்து மார்க்கெட் வேகமா வளருதுன்னு நியூஸ் போடறாங்களே, அப்ப விலை ஏன் எடத்துக்கு எடம் இப்படி மாறுது, நாங்க எதுக்கு செலவு பண்ணணும், எதுக்கு பண்ண வேணாம்?" இதான் தம்பி கேட்டது.

நான் டாக்டர் இல்ல. 16 வருஷமா ஆஸ்பத்திரி பார்மசில கேன்சர் மருந்து வாங்கற வேலை, அதுல பாதி நேரம் பேஷன்ட்டோட சொந்தக்காரங்க கூட பில் முன்னாடி உக்காந்து பேசற வேலை. அதனால மருத்துவ முடிவ உங்க ஆன்காலஜிஸ்ட்தான் (கேன்சர் டாக்டர்) சொல்லணும், ஆனா எந்த முடிவுக்கு எவ்ளோ காசு, அந்த காசுக்கு என்ன கிடைக்கும்ங்கறத நான் சொல்ல முடியும்.

ஒரு விஷயத்த முதல்லயே சொல்லிடறேன். இந்த நோய்ல ஆயுச நீட்டிக்கற விஷயங்கள்ல பாதிக்கு மேல விலை கம்மியானதுதான். சரியா நோய கண்டுபிடிக்கறது, முதல் ஆபரேஷன சரியான கையில குடுக்கறது, கார்போபிளாட்டின் பேக்லிடாக்சல்னு ரெண்டு பழைய மருந்து, ஒரு ஜீன் டெஸ்ட். இந்த நாலுக்கும் ஆகறத விட அதிகமா, தேவையே இல்லாத விஷயத்துக்கு செலவு பண்ணிட்டு அப்புறம் தேவையான நேரத்துல கையில காசு இல்லாம நின்ன குடும்பங்கள நான் நெறைய பாத்துட்டேன், அது என்னால தாங்க முடியல, அதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நம்ம நாட்டுல பொம்பளைங்களுக்கு வர்ற கேன்சர்ல மார்பு, கர்ப்பப்பை வாய்க்கு அடுத்து மூணாவது இதுதான். 2022 கணக்குல இந்தியாவுல ஒரு வருஷத்துக்கு சுமார் 47 ஆயிரம் பேருக்கு புதுசா வருது, சுமார் 33 ஆயிரம் பேர் இறந்துபோறாங்க. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சு பாருங்க, எவ்ளோ லேட்டா கண்டுபிடிக்கறோம்னு புரியும். நாலுல மூணு பேர் கிட்டத்தட்ட மூணாவது நாலாவது ஸ்டேஜ்லதான் வர்றாங்க. உங்க அம்மா நாலு மாசம் கேஸ் மாத்திரை சாப்பிட்டாங்கன்னு குற்ற உணர்ச்சியோட எழுதியிருந்தீங்க, அது உங்க தப்பு இல்ல தம்பி, முக்கால்வாசி பேரோட கதை அதேதான். எங்க கீமோ டேகேர்ல (காலைல வந்து மருந்து ஏத்திட்டு அன்னைக்கே வீட்டுக்கு போற வார்டு) ஒரு அக்கா சொன்னது இன்னும் மனசுல நிக்குது, "ஜாக்கெட்டு தோள்ல லூசாயிட்டே போச்சு, பாவாடை நாடா மட்டும் எட்டவே இல்ல, நான் குண்டாயிட்டேன்னு நெனச்சேன்". ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கறது, அடிக்கடி ஒண்ணுக்கு வர்றது, அடிவயித்துல மந்தமா வலி, உப்புசம், இதுல எதாவது ஒண்ணு 40, 45 வயசுக்கு மேல புதுசா வந்து ரெண்டு மூணு வாரம் தினமும் மாதிரி இருந்துச்சுன்னா வயித்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடணும், அந்த ஸ்கேன் செலவு நாலு மாசம் வாங்குன கேஸ் மாத்திரை செலவ விட பெருசா இருக்காது.

இப்ப டெஸ்ட் பக்கம் வர்றேன், ஏன்னா மார்க்கெட் ஆரம்பிக்கறதே இங்கதான். சிஏ-125ங்கறது ரத்தத்துல பாக்கற ஒரு புரதம், 35 வரைக்கும் நார்மல்னு எடுத்துப்பாங்க. இத "லேடீஸ் கேன்சர் பேக்கேஜ்"னு போட்டு லேப்காரங்க எல்லா பொம்பளைங்களுக்கும் விக்கறாங்க. எந்த தொந்தரவும் இல்லாதவங்களுக்கு இத எடுத்து பாத்தா உயிர் பிழைக்குமான்னு பிரிட்டன்ல 2 லட்சத்துக்கு மேல பொம்பளைங்கள சேத்து 2001-ல ஆரம்பிச்சு ஒரு ஆராய்ச்சி நடத்துனாங்க, 2021-ல முடிவு வந்துச்சு, ரத்த டெஸ்ட்டும் ஸ்கேனும் வருஷா வருஷம் பாத்தும் சாவு எண்ணிக்கை குறையலன்னு தெளிவா வந்துடுச்சு. முதல் ஸ்டேஜ்ல இருக்கறவங்கள்ல பாதி பேருக்கு சிஏ-125 நார்மலாவே இருக்கும், அதே சமயம் நோயே இல்லாதவங்களுக்கு மாதவிடாய் நேரத்துல, எண்டோமெட்ரியோசிஸ்ல, ஃபைப்ராய்டுல, கர்ப்பத்துல எல்லாம் கூடும். அதனால தொந்தரவு இல்லாத ஆளு இந்த பேக்கேஜ வாங்க வேணாம், தொந்தரவு இருக்கற ஆளு கண்டிப்பா எடுக்கணும், ரெண்டும் வேற வேற.

அப்புறம் நம்ம ஊர்ல ஒரு பெரிய குழப்பம் டிபி. வயித்துல டிபி வந்தாலும் தண்ணி கோத்துக்கும், சிஏ-125 நூத்துக்கணக்குல போகும், ஸ்கேன்ல பாத்தா அப்படியே ஓவரி கேன்சர் பரவுன மாதிரியே தெரியும். 24 வயசு பொண்ணு ஒண்ணு, கேன்சர்னு சொல்லி வீடே அழுதுட்டு வந்தாங்க, வயித்து தண்ணிய எடுத்து பாத்து, ஒரு சின்ன துண்டு பயாப்சி எடுத்து பாத்தா டிபி, டிபி மாத்திரையிலயே சரியாயிடுச்சு. 54 வயசு, ரெண்டு பக்கமும் கட்டி, தண்ணி, 640ங்கறப்ப கேன்சருக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு யாரா இருந்தாலும் சொல்வாங்க, ஆனாலும் துண்டு எடுத்து பாக்காம யாரும் கீமோவ ஆரம்பிக்க விடாதீங்க.

இன்னொரு சின்ன ரத்த டெஸ்ட், சிஇஏ. விலை கம்மி, நெறைய பேர் எழுதிக் குடுக்க மறந்துடறாங்க. வயிறு, குடல்ல ஆரம்பிச்ச கேன்சர் கூட ரெண்டு ஓவரிக்கும் பரவி இதே மாதிரி காட்டும். சிஏ-125-ஐ சிஇஏ-ஆல வகுத்தா 25-க்கு மேல வந்தா ஓவரி பக்கம் சாயும், 25-க்கு கீழன்னா எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி பாத்துட்டுதான் அடுத்தது. உங்க அம்மாவுக்கு அது எடுத்தாங்களான்னு ரிப்போர்ட்ட பாருங்க, இல்லன்னா நாளைக்கே குடுத்துடுங்க.

அதுக்கப்புறம் தேவைன்னா நெஞ்சு, வயிறு, அடிவயிறு சேத்து கான்ட்ராஸ்ட் போட்ட சிடி. அந்த கான்ட்ராஸ்ட் மருந்து போடறதுக்கு முன்னாடி கிரியேட்டினின் பாப்பாங்க, கிட்னி எப்படி இருக்குன்னு சொல்ற ரத்த டெஸ்ட் அது. பெட்-சிடி எல்லாருக்கும் முதல் நாளே தேவைப்படாது, சிடில சந்தேகம் இருந்தா டாக்டர் கேப்பாரு, அப்ப எடுத்துக்கலாம். தண்ணி இருக்கறதால அத எடுத்து செல் பிளாக் (தண்ணில இருக்கற செல்ல கட்டியாக்கி மைக்ரோஸ்கோப்ல பாக்கறது) போடலாம், இல்லன்னா வயித்துக்குள்ள இருக்கற கொழுப்பு போர்வை, ஓமென்டம்னு சொல்வாங்க, அதுல நோய் பரவியிருந்தா ஸ்கேன் வழியா ஊசில துண்டு எடுக்கலாம். ஆனா ஓவரிக்குள்ளயே மட்டும் இருக்கற கட்டில ஊசி குத்தக்கூடாது. உள்ள இருக்கறது வெளில சிந்துனா முதல் ஸ்டேஜ்ல கீழ் படில இருந்த நோய் மேல் படிக்கு ஏறிடும்.

இத சொல்றப்ப ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்க சொந்தத்துலயே ஒருத்தங்களுக்கு, ஊர் பேரு ஆஸ்பத்திரி பேரு வேணாம், ஓவரில கட்டி, சாதாரண நீர்க்கட்டின்னு நெனச்சு லேப்ராஸ்கோப்பில உள்ளயே உடைச்சு துண்டு துண்டா எடுத்துட்டாங்க, பையில போட்டு எடுக்கல. பத்து நாள் கழிச்சு பயாப்சி ரிப்போர்ட் வந்தப்பதான் தெரிஞ்சுது. ஓவரிக்குள்ள அடங்கியிருந்த நோய், 1ஏ-ல (ஒரு ஓவரிக்குள்ளயே அடங்குனது) நிக்க வேண்டியது 1சி (உள்ள இருந்தது சிந்துனது) ஆயிடுச்சு, கீமோ இல்லாமயே முடிஞ்சிருக்கலாம், கீமோ போட வேண்டியதாச்சு. நல்லவேளை இப்ப நல்லா இருக்காங்க. அந்த ஆபரேஷனுக்கு வாங்குன காசு ரொம்ப கம்மி, அதுக்கப்புறம் ஆன செலவு அதப்போல எத்தனையோ மடங்கு. கட்டி சந்தேகமா இருந்தா முதல் ஆபரேஷனே கேன்சர் சர்ஜன்கிட்டதான்.

இப்ப உங்க முக்கியமான கேள்வி. ஒருத்தர் உடனே ஆபரேஷன்ங்கறாரு, இன்னொருத்தர் முதல்ல கீமோங்கறாரு, யாரு ஏமாத்தறாங்க? ரெண்டு பேருமே ஏமாத்தாம இருக்கலாம். ரெண்டு வழியும் உலகம் முழுக்க இருக்கு. வயித்துக்குள்ள நோய் எவ்ளோ பரவியிருக்கு, ஒரே ஆபரேஷன்ல கண்ணுக்கு தெரியற கட்டி எல்லாத்தையும் எடுத்துட முடியுமா, அம்மாவோட உடம்பு அத தாங்குமா, இத வச்சுதான் முடிவு பண்ணணும். எடுத்துட முடியும்னா முதல்ல ஆபரேஷன், முடியாதுன்னா மூணு சைக்கிள் கீமோ போட்டு சுருக்கி, அப்புறம் ஆபரேஷன், மறுபடி மூணு சைக்கிள். 2010-ல ஐரோப்பால இருந்து ஒண்ணு, 2015-ல பிரிட்டன்ல இருந்து ஒண்ணு, பெரிய ஆராய்ச்சி ரெண்டுலயும் பரவுன நோய்க்கு ரெண்டு வழியும் ஆயுசுல கிட்டத்தட்ட சமமாத்தான் வந்துச்சு, முதல்ல கீமோ குடுத்தவங்களுக்கு ஆபரேஷன்ல சிக்கல் கம்மி. ஆனா ரெண்டு வழியிலயும் கடைசில முக்கியம் என்னன்னா உள்ள எவ்ளோ மிச்சம் விட்டாங்கங்கறது. மிச்சமே இல்லன்னா ஒரு கதை, ஒரு சென்டிமீட்டர் கட்டி மிச்சம் இருந்தா வேற கதை. கர்ப்பப்பை, ரெண்டு ஓவரி, டியூப், ஓமென்டம், தேவைப்பட்டா குடல்ல ஒரு பகுதி, வயித்து உள்சவ்வு, உதரவிதானம் வரைக்கும் சுரண்டி எடுக்கற ஆபரேஷன் இது, ஆறு ஏழு மணி நேரம் கூட போகும்.

அதனால 11 லட்சம்னு சொன்ன டாக்டர்கிட்ட விலைய பத்தி கேக்கறதுக்கு முன்னாடி மூணு கேளுங்க. நீங்க கைனகாலஜிஸ்ட்டா, கேன்சர் சர்ஜனா? இந்த மாதிரி ஆபரேஷன் மாசத்துக்கு எத்தன பண்றீங்க? அம்மாவோட சிடிய பாத்து, எல்லாத்தையும் எடுத்துட முடியும்னு நெனைக்கறீங்களா, ட்யூமர் போர்டுல (பல துறை டாக்டருங்க சேந்து ஒரு கேஸ பேசற கூட்டம்) பேசுனீங்களா? இதுக்கு நேரடியா பதில் சொல்றவர்கிட்ட போங்க, அவரு அரசு ஆஸ்பத்திரில இருந்தாலும் சரி தனியார்ல இருந்தாலும் சரி. 11 லட்சத்துல பாதிக்கு மேல ரூம், ஐசியு, கன்ஸ்யூமபிள்ஸ்னு (கையுறை, ஊசி மாதிரி போட்டு தூக்கி எறியற சாமான்) போகும், சர்ஜனோட கைக்கு நீங்க குடுக்கற காசு அதுல ஒரு பங்குதான். ரூம் கேட்டகரி மாறுனா ஆபரேஷன் தியேட்டர் சார்ஜு, டாக்டர் ஃபீஸ் எல்லாமே ஏறற மாதிரிதான் நெறைய எடத்துல பில்லிங் இருக்கு, அதே டேபிள், அதே கத்திதான்.

ரோபோ, ஹைபெக்னு சொன்னா? பரவுன ஓவரி கேன்சருக்கு நெஞ்செலும்புக்கு கீழ இருந்து அடிவயிறு வரைக்கும் நீளமா திறந்து பண்றதுதான் வழக்கமான முறை, ரோபோவுக்குன்னு தனியா காசு கட்ட அவசரப்பட வேணாம். ஹைபெக்ங்கறது ஆபரேஷன் முடியறப்ப சூடான கீமோ மருந்த வயித்துக்குள்ள ஓட விடறது. அதுக்கு ஆதாரம் இருக்கு, 2018-ல நெதர்லாந்து ஆராய்ச்சில மூணாவது ஸ்டேஜ்ல, முதல்ல கீமோ போட்டு அப்புறம் ஆபரேஷன் பண்ணவங்களுக்கு சராசரி ஆயுசு 33.9 மாசத்துல இருந்து 45.7 மாசம் ஆச்சு. ஆனா அது 245 பேர் வச்சு பண்ணது, அந்த குறிப்பிட்ட நெலமைக்கு மட்டும்தான். முதல்லயே ஆபரேஷன் பண்றவங்களுக்கும் நாலாவது ஸ்டேஜுக்கும் அதே கணக்க சொல்லி வித்தா கேள்வி கேளுங்க.

இனிமே என் ஏரியா, மருந்து. உங்க அம்மா 55 கிலோ, 150 சென்டிமீட்டர்னு வச்சுக்கங்க, உடம்போட பரப்பு சுமார் 1.5 சதுர மீட்டர் வரும். பேக்லிடாக்சல் ஒரு சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம், அப்ப 262. கடைல 260 மில்லிகிராம் பாட்டிலே கிடைக்குது, நம்ம ஊர் பொம்பளைங்க அளவுக்கு செஞ்ச மாதிரி ஒரு பாட்டில், ஒரு ஆளு, மிச்சம் இல்ல. கார்போபிளாட்டின் கிட்னி வேலை செய்யறத பொறுத்து கணக்கு. 54 வயசு, 55 கிலோ, கிரியேட்டினின் 0.85-ன்னா கிட்னி வடிகட்டற அளவு 65 மாதிரி வரும், அதோட 25 கூட்டி 5-ஆல பெருக்குனா 450 மில்லிகிராம். அதுவும் 450 பாட்டிலாவே இருக்கு. ஆக ஒரு சைக்கிளுக்கு ரெண்டே ரெண்டு கண்ணாடி பாட்டில், மூணு வாரத்துக்கு ஒரு தடவ, ஆறு தடவ. பேக்லிடாக்சல் ஏறறதுக்கு முன்னாடி டெக்சாமெத்தசோன், அவில் மாதிரி அலர்ஜி ஊசி, மூணு மணி நேரம் டிரிப், அப்புறம் கார்போபிளாட்டின் ஒரு மணி நேரம். ரெண்டு மூணு வாரத்துல முடி கொட்டும், விரல் நுனி மரத்துப்போகும், முன்னாடியே அம்மாகிட்ட சொல்லி வைங்க.

இந்த ரெண்டு பாட்டிலோட விலையிலதான் மார்க்கெட்டோட முழு கூத்தும் இருக்கு. ஒரே மருந்து, ஒரே அளவு, ரெண்டு கம்பெனி, பாட்டில் மேல போட்டிருக்கற எம்ஆர்பி ஒண்ணுக்கொண்ணு பல மடங்கு வித்தியாசம் இருக்கும். ஆனா ஆஸ்பத்திரி டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட வாங்கற ரேட்டு அந்த எம்ஆர்பில ஒரு சின்ன பங்குதான். எம்ஆர்பி அதிகமா இருக்கற பிராண்டத்தான் பல பார்மசி விரும்பி வாங்கும், ஏன்னா நடுவுல நிக்கற காசு அதிகம். இதுக்கு என் பேச்ச மட்டும் நம்ப வேணாம். மும்பை டாடா மெமோரியல் முன்னாடி நின்னு நடத்தற நேஷனல் கேன்சர் கிரிட்ல சேந்த ஆஸ்பத்திரிகள் ஒண்ணா சேந்து 40 மருந்துக்கு டெண்டர் விட்டப்ப, பழைய கொள்முதல் விலைய விட 23-ல இருந்து 99 சதவீதம் வரைக்கும் கம்மியா கிடைச்சுது. 99 சதவீதம். ஆஸ்பத்திரிக்கு ஆயிரம் ரூபாய்க்கு வந்த மருந்து பத்து ரூபாய்க்கு. மருந்து அதேதான்.

அரசாங்கம் சும்மா இருக்கலன்னும் சொல்லணும். 2019-ல விலைக்கட்டுப்பாட்டு ஆணையம் 42 கேன்சர் மருந்துக்கு வியாபார மார்ஜின் 30 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு கட்டுச்சு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து மருந்துக்கு ஜிஎஸ்டி 12-ல இருந்து 5 ஆச்சு. நம்ம மாநிலத்துல மருத்துவ சேவைக் கழகம்னு 1994-ல ஆரம்பிச்சது, மொத்தமா ஜெனரிக் (பிராண்ட் பேரு இல்லாத அதே மருந்து) வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு குடுக்குது, அங்க இந்த ரெண்டு மருந்தும் இலவசமாவே கிடைக்கும். அரசு ஆஸ்பத்திரி மருந்து வீக்குன்னு ஒரு பேச்சு இருக்கு பாருங்க, அத நம்பி யாராவது வீட்ட விக்கறாங்கன்னா எனக்கு வயிறு எரியுது. கழகம் வாங்கற மருந்து பேட்ச் பேட்ச்சா லேப் டெஸ்ட் ஆயிட்டுதான் வரும்.

தனியார்லயே போடறதா இருந்தா டாக்டர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க, "சார், இதே மருந்துல விலை கம்மியான பிராண்ட் எழுதித் தர முடியுமா, எம்ஆர்பில எவ்ளோ கம்மி பண்ணுவீங்க". கேட்டா குறைப்பாங்க, கேக்காதவங்களுக்கு முழு எம்ஆர்பி போகும். எங்க கவுன்டர்ல தினமும் நடக்கறது இது.

இதுக்கு மேலதான் விலை உயர்ந்த மருந்து வருது. முதல்ல பெவாசிசுமாப். கட்டிக்கு ரத்தக்குழாய் வளரவிடாம பண்ற ஊசி. நோய் அதிகமா பரவுனவங்களுக்கு, வயித்துல தண்ணி இருக்கறவங்களுக்கு பலன் தெரியும், எல்லாருக்கும் ஆயுச கூட்டறதில்ல. நம்ம நாட்டு கம்பெனிங்களே பயோசிமிலர் (ஒரிஜினலுக்கு சமமா செய்யற நகல்) பண்றதால விலை முன்ன இருந்ததுக்கு ரொம்ப எறங்கிடுச்சு. ஆபரேஷனுக்கு கொஞ்ச வாரம் முன்னாடி பின்னாடி போடக்கூடாது, புண்ணு ஆறாது, அத மட்டும் ஞாபகம் வைங்க.

ரெண்டாவது பார்ப் மாத்திரைங்க, ஓலாபரிப், நிராபரிப். கேன்சர் செல் தன்னோட டிஎன்ஏவ சரிபண்ணிக்கறத தடுக்கற மாத்திரைங்க. மார்க்கெட் வளருதுன்னு நியூஸ்ல படிச்சீங்கல்ல, அந்த காசு பெரும்பாலும் இந்த மாத்திரைங்கள சுத்தித்தான். 2018 டிசம்பர்ல நிராபரிப் கையில இருந்த டெசாரோ கம்பெனிய ஜிஎஸ்கே 510 கோடி டாலருக்கு வாங்கறதா அறிவிச்சுது, இதே வகை ருகாபரிப் வச்சிருந்த குளோவிஸ் 2022 டிசம்பர்ல திவாலாச்சு. அதே மாதிரி இப்ப புதுசா மிர்வெடக்சிமாப்னு ஒரு ஊசி, கார்போபிளாட்டினுக்கு அடங்காத நோய்க்கு, கட்டி செல் மேல ஃபோலேட் ரிசெப்டார்ங்கற புரதம் அதிகமா இருக்கறவங்களுக்கு மட்டும். அது கையில இருந்த இம்யூனோஜென் கம்பெனிய ஆப்வீ 1010 கோடி டாலருக்கு வாங்குனாங்க. இவ்ளோ காசு போட்டு வாங்குனவங்க அத விலையிலதான் திருப்பி எடுப்பாங்க. மார்க்கெட் வளருதுன்னா பேஷன்ட்டுக்கு விலை குறையுதுன்னு அர்த்தம் இல்ல தம்பி, ஒரு ஆளுக்கு ஆகற செலவு கூடுதுன்னுதான் பல நேரம் அர்த்தம்.

ஆனா ஓலாபரிப் விஷயத்துல நல்ல செய்தி இருக்கு. பிஆர்சிஏ ஜீன்ல (டிஎன்ஏவ சரிபண்ற ஜீன்) கோளாறு இருக்கற பேஷன்ட்டுக்கு முதல் கீமோ நல்லா கேட்டதுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் இந்த மாத்திரை குடுத்து பாத்த ஆராய்ச்சில, ஏழு வருஷம் கழிச்சு மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 67 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, டம்மி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 46.5 சதவீதம். பரவுன ஓவரி கேன்சர்ல இப்படி ஒரு நம்பர நாங்க முன்னாடி பாத்ததே இல்ல. ஒரிஜினல் பிராண்ட் மாசத்துக்கு லட்சக்கணக்குல இருந்துச்சு, இப்ப நம்ம நாட்டு ஜெனரிக் வந்ததுல விலை நல்லா எறங்கியிருக்கு, நாலு எடத்துல விசாரிச்சு வாங்குங்க, ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூட்டரும் ஒவ்வொரு விலை சொல்வாங்க.

அதே மாத்திரைய ஜீன் கோளாறு இல்லாதவங்களுக்கு குடுத்தா? நிராபரிப்ப எல்லாருக்கும் குடுத்து பாத்த ஆராய்ச்சியோட கடைசி முடிவு 2024-ல வந்துச்சு, நோய் திரும்பி வர்றத கொஞ்சம் தள்ளிப்போட்டுச்சு, ஆனா மொத்த ஆயுசுல வித்தியாசம் இல்ல, 46.6 மாசம், 48.8 மாசம், டம்மி மாத்திரைதான் ஒரு பொட்டு அதிகம். பல தடவ கீமோ போட்டு நோய் திரும்பி வந்தவங்களுக்கு தனியா குடுத்தது சரியில்லன்னு 2022-ல கம்பெனிங்களே அமெரிக்கால அந்த உபயோகத்த வாபஸ் வாங்குனாங்க. அதனால டெஸ்ட் பண்ணாம யாராவது இந்த மாத்திரைய எழுதிக் குடுத்தா, நகைய அடகு வைக்கறதுக்கு முன்னாடி "எங்க அம்மாவுக்கு பிஆர்சிஏ இருக்கா, ஹெச்ஆர்டி பாத்தீங்களா"ன்னு கேளுங்க. ஹெச்ஆர்டிங்கறது கட்டி செல்லுல டிஎன்ஏவ சரிபண்ற திறன் கெட்டிருக்கான்னு பாக்கறது.

அந்த பிஆர்சிஏ டெஸ்ட்டுக்குத்தான் நீங்க கண்ண மூடிட்டு செலவு பண்ணணும். நம்ம நாட்டுல இந்த நோய் வர்ற அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு கிட்டத்தட்ட இந்த கோளாறு இருக்கு. பெங்களூர்ல இருக்கற ஜீன் லேபுங்களே பண்றாங்க, ரத்தம் குடுத்தா போதும், ரிசல்ட் வர மூணு நாலு வாரம் ஆகும், அதனால கீமோ ஆரம்பிக்கறப்பவே குடுத்துடுங்க, முடியறப்ப யோசிக்காதீங்க. மருந்து கம்பெனிங்களோட உதவித் திட்டத்துல சில சமயம் இலவசமாவே பண்ணித் தர்றாங்க, ஆன்காலஜிஸ்ட்ட கேளுங்க. பயாப்சி எடுத்த எடத்துல மெழுகு பிளாக், கண்ணாடி ஸ்லைடு ரெண்டையும் கேட்டு வாங்கி வைங்க, அது உங்களுது, எந்த ஆஸ்பத்திரிக்கு மாறுனாலும் மறுபடி ஊசி குத்த வேண்டியதில்ல.

எங்க போறது? திண்டுக்கல்னா பக்கத்துல மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி. சென்னைனா அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், 1954-ல முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்சது, சாந்தா அம்மா தன் வாழ்க்கையே அங்கதான் குடுத்தாங்க, குடும்பத்துல வர்ற கேன்சருக்கு ஜீன் ஆலோசனையும் அங்க உண்டு. காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா கேன்சர் ஆஸ்பத்திரி, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் ஆர்சிசி. இதுல சில எடத்துல காத்திருக்கணும், கூட்டம் இருக்கும், உண்மைதான். ஆனா ரெண்டு வாரம் காத்திருந்து சரியான கையில ஆபரேஷன் பண்றது, நாளைக்கே தப்பான கையில பண்றத விட நல்லது. தண்ணி அதிகமாகி மூச்சு முட்டுதுன்னா மட்டும் காத்திருக்காதீங்க, பக்கத்துல எங்க இருந்தாலும் தண்ணிய எடுத்துட்டு அப்புறம் கிளம்புங்க.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, வருஷ வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள்ள இருக்கணும். விஏஓ வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற கவுன்டருக்கு போங்க. அட்டை எடுத்துக்கற தனியார் ஆஸ்பத்திரியும் இருக்கு, ஆனா அட்மிஷன் போடறதுக்கு முன்னாடியே அட்டைய காட்டி அப்ரூவல் வாங்கணும், பணம் கட்டி சேந்துட்டு அப்புறம் அட்டைய நீட்டுனா சிக்கல். நீங்க வேலை பாக்கற கம்பெனி இன்சூரன்ஸ்ல அம்மா பேரு இருந்தா பாலிசிய எடுத்து, வாய்வழி கீமோ, மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசின்னு (பெவாசிசுமாப் மாதிரி) ரெண்டு வரிக்கு உள்வரம்பு எவ்ளோன்னு பாருங்க. 10 லட்சம் பாலிசில அதுக்கு மட்டும் சின்ன தொகைய ஒதுக்கியிருப்பாங்க, மாத்திரை ஆரம்பிச்சப்புறம் தெரிஞ்சா கஷ்டம். ரயில்ல கேன்சர் பேஷன்ட்டுக்கு ஸ்லீப்பர், மூணடுக்கு ஏசில முழு சலுகை, கூட வர்றவங்களுக்கு 75 சதவீதம், அந்த ஃபார்ம்ல ஆஸ்பத்திரி கையெழுத்து வாங்கிக்கங்க.

கடைசியா தங்கச்சி விஷயம், இத கேள்வில நீங்க ஓரமா ஒரு வரிலதான் எழுதியிருந்தீங்க, ஆனா என் கண்ணு அங்கதான் நின்னுச்சு. பெரியம்மாவுக்கு மார்புல, அம்மாவுக்கு ஓவரில. அம்மாவுக்கு பிஆர்சிஏ பாசிட்டிவ்னு வந்தா உங்களுக்கும் தங்கச்சிக்கும் ஆளுக்கு பாதிக்கு பாதி வாய்ப்பு, ஆம்பளைக்கும் வரும், உங்க மூலமா உங்க பொண்ணுக்கும் போகும். பிஆர்சிஏ1-னா 80 வயசுக்குள்ள ஓவரி கேன்சர் வர்ற வாய்ப்பு 44 சதவீதம், பிஆர்சிஏ2-னா 17. அம்மாவோட ஜீன்ல எந்த எடத்துல கோளாறுன்னு தெரிஞ்சுட்டா தங்கச்சிக்கு முழு டெஸ்ட் வேணாம், அந்த ஒரு எடத்த மட்டும் பாத்தா போதும், செலவு ரொம்ப கம்மி. இருந்தாலும் 26 வயசுல எதையும் வெட்டி எடுக்க மாட்டாங்க. கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகட்டும்னு விட்டு, பிஆர்சிஏ1-னா 35-ல இருந்து 40 வயசுக்குள்ள, 2-னா 40-ல இருந்து 45-க்குள்ள ஓவரியும் டியூபும் எடுத்துடறதுதான் வழக்கம், அதுவரைக்கும் மார்புக்கு வருஷா வருஷம் எம்ஆர்ஐ. கல்யாணம் பேசற நேரத்துல இந்த டெஸ்ட் எதுக்குன்னு வீட்டுல சொல்வாங்க, எனக்கு தெரியும், எல்லா வீட்லயும் சொல்றாங்க. முதல்ல அம்மாவோட ரிசல்ட் வரட்டும், அதுவரைக்கும் தங்கச்சிகிட்ட எதையும் மறைக்காம, பயமுறுத்தாம பேசுங்க. சிஇஏ ரிசல்ட்டும் பயாப்சியும் வந்ததும் இங்கயே போடுங்க, 11 லட்சத்துக்கு குடுத்த எஸ்டிமேட் பேப்பரையும் சேத்து போடுங்க, வரி வரியா பாத்து சொல்றேன்.